பழைய இலை, புதிய சீட்டு

அமெரிக்கப் புகையிலைக் கடைகளில் ‘புதிய வரவு’ என்று விற்கப்படும் சுருட்டும் பைப் புகையிலையும் எந்த அளவுக்குப் புதியவை? அதை இன்று முடிவு செய்வது சுவையா, சட்டமா?

அமெரிக்காவின் சிறு நகரக் கடைத்தெருக்களில் இன்னும் எஞ்சி நிற்கும் புகையிலைக் கடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பக்கச் சுவர் நெடுகக் கண்ணாடி ஜாடிகள் வரிசை கட்டியிருக்க, அவற்றில் வெனிலாவும் செர்ரியும் ஏற்றிய பைப் புகையிலை உதிரியாகக் கிடக்கும். கல்லாவின் மேல் ஒரு தராசும், அதன் பின்னால் வட்ட டின்கள் அடுக்கிய அலமாரியும் இருக்கும். கடையின் உட்புறத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியறையில், காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வரை குறையாமல் காக்கப்பட, செந்நிற மரத்தட்டுகளில் சுருட்டுப் பெட்டிகள் மூடி திறந்தபடி வைக்கப்பட்டிருக்கும். வணிகத்தில் ‘ஸ்பானிய தேவதாரு’ என்று வழங்கும் அந்த மரம் ஸ்பெயினுக்கும் உரியதன்று, தேவதாருவும் அன்று. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரமான அது, ஈரத்தைத் தாங்குவதாலும் புகையிலையைத் துளைக்கும் சிறு வண்டை அண்டவிடாது என்ற நம்பிக்கையாலும் அங்கே இடம்பிடித்தது. கண் மட்டத்தில் உள்ள தட்டில், வாடிக்கையாளரின் பார்வை முதலில் விழும் இடத்தில், ‘புதிய வரவு’ என்ற அட்டை செருகப்பட்டிருக்கும்.

அந்த அட்டைக்குக் கீழே உள்ளவற்றை ஆராய்ந்தால், கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்கப் புகையிலைச் சட்டமும், நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கிய வரலாறும் அங்கேயே அடங்கியிருப்பது தெரியவரும். புதிதாகத் தோன்றுபவற்றுள் பல பழைய கலவைகள். உண்மையிலேயே புதியவற்றுள் பலவற்றுக்குக் கடைக்குள் வரவே வழியில்லை.

மேலிலை மாறினால் புதுச் சுருட்டு

கையால் சுருட்டப்படும் சுருட்டு மூன்று பகுதிகளால் ஆனது. நடுவே நீளவாக்கில் மடித்து வைக்கப்படுவது உள்ளிலை. அதைச் சேர்த்துப் பிடிப்பது கட்டிலை. கண்ணுக்குத் தெரியுமாறு வெளியே சுற்றப்படுவது, விலையும் கவனமும் மிகுதியாகக் கோரும் மேலிலை. அறுவடையான இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பின்னர் ஆளுயர அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விடும்போது உள்ளே சூடு ஏறி, அம்மோனியா வெளியேறி, காரமும் கசப்பும் தணிகின்றன. இவ்வாறு பாடம் செய்யப்பட்ட இலை மாதக்கணக்கிலும், சில வகைகளில் ஆண்டுக்கணக்கிலும் முதிர்ந்த பிறகே சுருட்டுபவரின் மேசைக்கு வருவதால், இந்த ஆண்டின் புதுச் சுருட்டு என்பது சில ஆண்டுகளுக்கு முன்பே வயலில் விளைந்து முடிந்த ஒன்றாகும்.

ஆகவே உற்பத்தியாளர்கள் புதுமையை மேலிலையிலும் அளவிலும் தேடுகின்றனர். ஒரே உள்ளிலையின் மேல் ஒருமுறை இளநிற கனெக்டிகட் இலையையும் மறுமுறை கருநிற இலையையும் சுற்றினால் இரண்டு பெயர்களில் இரண்டு பெட்டிகள் கிடைத்துவிடும். சுருட்டின் பருமன் ஓர் அங்குலத்தை 64 பாகங்களாக வகுத்து அளக்கப்படுகிறது. 7 அங்குல நீளமும் 47 பாகப் பருமனும் கொண்ட ‘சர்ச்சில்’ ஒரு காலத்தில் பெரிய சுருட்டாகக் கருதப்பட்டது. இன்று 60 பாகப் பருமனுள்ளவை, அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலக் குறுக்களவுள்ளவை, சாதாரணமாகத் தட்டில் கிடக்கின்றன.

இந்த வணிகத்தின் இன்றைய வரைபடத்தைத் தீட்டியது கியூபா மீதான தடையாகும். 1962 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்திடும் முன் அதிபர் கென்னடி தம் ஊடகச் செயலரை அனுப்பி 1,200 கியூபச் சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டதாக அச்செயலரே பின்னாளில் எழுதினார். விதையோடும் கைத்தொழிலோடும் கியூபாவை விட்டு வெளியேறியவர்கள் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நாடுகளில் தொழிலை மீண்டும் நிறுவினர். இன்று அமெரிக்கா ஆண்டுதோறும் இறக்குமதி செய்யும் 40 கோடிக்கும் மேற்பட்ட கைச்சுருட்டுகளில் பாதிக்கு மேல் நிகராகுவாவிலிருந்து, பெரும்பாலும் எஸ்தெலி என்ற ஒரே நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பி வருபவை. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்த சுங்க வரியில் டொமினிக்கன் குடியரசுக்கும் ஹோண்டுராஸுக்கும் 10 விழுக்காடும் நிகராகுவாவுக்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டபோது, அண்டை நாடுகளுக்கு இடையிலான அந்த 8 விழுக்காட்டு வேறுபாடு ஒரு நகரத்தின் பிழைப்பையே குறிவைத்தது போலாயிற்று.

இரண்டு தேதிகளுக்கு நடுவே

2009 ஜூனில் கையெழுத்தான புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், எஃப்.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் உணவு, மருந்து நிர்வாகத்துக்குச் சிகரெட்டின் மீது அதிகாரம் அளித்தது. சுருட்டும் பைப் புகையிலையும் அப்போது தப்பின. 2016 மே மாதம் வெளியாகி அவ்வாண்டு ஆகஸ்ட் 8 அன்று நடைமுறைக்கு வந்த விதி அவற்றையும் அதே குடையின் கீழ் இழுத்தது. அதன்படி, 2007 பிப்ரவரி 15 அன்று அமெரிக்கச் சந்தையில் இருந்த பண்டம் எந்த அனுமதியும் இன்றித் தொடரலாம். அதற்குப் பின்பு, 2016 ஆகஸ்ட் 8க்கு முன்பு வந்தவை விண்ணப்பித்துத் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் வருபவையோ முன்னனுமதி பெறாமல் கடைத்தட்டை எட்டவே கூடாது. கலவையில் சிறு மாற்றம் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது புதிய பண்டமே.

விளைவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. புதுமையைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதி, 2016 கோடையில் புதுச் சரக்கின் வெள்ளத்தைத் திறந்துவிட்டது. பின்னால் தேவைப்படலாம் என்று கருதிய ஒவ்வொரு கலவையையும் ஒவ்வோர் அளவையும், விற்கும் எண்ணம் பெரிதாக இல்லாவிட்டாலும், ஆகஸ்ட் 8க்குள் ஏதேனும் சில கடைகளில் விற்றுச் சான்று வைத்துக்கொள்ள உற்பத்தியாளர்கள் விரைந்தனர். அன்று சொற்ப எண்ணிக்கையில் விற்கப்பட்ட பெயர்கள் பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அலமாரிக்கு வந்தன. வாடிக்கையாளருக்குப் புதியவை, பதிவேட்டுக்குப் பழையவை.

அதே ஆகஸ்ட் மாதம், சிகரெட் நிறுவனங்கள் தொடுத்த வேறொரு வழக்கில், வாஷிங்டன் மாவட்ட நீதிமன்ற நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு இக்கதைக்கு இன்றியமையாதது. சீட்டை மட்டும் மாற்றினால் பண்டம் புதியதாகிவிடாது; ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அளவை மாற்றினால் அது ஆய்வுக்கு உட்பட்டதே என்று அவர் வரையறுத்தார். பெயரையும் படத்தையும் புதுப்பிக்கத் தடையில்லை, உள்ளே இருப்பதைத் தொடத்தான் கூடாது என்ற இந்த நிலை, வணிகர்கள் எந்தத் திசையில் தம் கற்பனையைச் செலுத்துவார்கள் என்பதை ஏறக்குறைய தீர்மானித்துவிட்டது.

சுருட்டுக்காரர்கள் நீதிமன்றத்தை விடவில்லை. பெட்டியின் முகப்புப் பக்கங்களில் 30 விழுக்காட்டை நிரப்ப வேண்டியிருந்த எச்சரிக்கை வாசகங்கள் சுருட்டுக்கும் பைப் புகையிலைக்கும் செல்லாது என்று 2020 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உயர்தரச் சுருட்டைப் பற்றிய சான்றுகளை எஃப்.டி.ஏ. உரியவாறு எடைபோடவில்லை என்று 2022 ஜூலையில் கண்ட நீதிபதி மேத்தா, 2023 ஆகஸ்டில் அவ்வகைச் சுருட்டின் அளவில் விதியையே நீக்கினார். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, உயர்தரச் சுருட்டு என்றால் எது என்ற வரையறையை மட்டும் மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. 2025 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் கூடிய வணிகர் கண்காட்சியில் புதுச் சுருட்டுகள் தடையின்றி அணிவகுத்ததற்கு இத்தீர்ப்புகளே காரணம்.

பெட்டிச் செய்தி: எது உயர்தரச் சுருட்டு?

நீதிமன்றம் விதியை நீக்கியபோது கையாண்ட வரையறையின்படி, முழுப் புகையிலை மேலிலையும் முழுவதும் புகையிலையாலான கட்டிலையும் இருக்க வேண்டும். உள்ளே வைக்கப்படும் புகையிலையின் எடையில் குறைந்தது பாதி நீள உள்ளிலையாக வேண்டும். கையால் செய்யப்பட்டதாக வேண்டும். வடிகட்டியோ புகையிலையல்லாத வாய்முனையோ கூடாது. புகையிலையின் சுவை தவிர வேறு சுவை தூக்கலாகத் தெரியக் கூடாது. புகையிலை, நீர், தாவரப் பசை ஆகிய மூன்றைத் தவிர எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. ஆயிரம் சுருட்டுகளின் எடை 6 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2.7 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். விலையைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

ஜாடிகளின் பக்கம்

இந்த விடுதலை, கடையின் எதிர்ச் சுவரை எட்டவில்லை. பைப் புகையிலைக்கு அத்தகைய விலக்கு எதுவும் கிடைக்காததால், 2016க்குப் பின் பிறக்கும் கலவை முன்னனுமதிக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆய்வுச் செலவை ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு மட்டுமே விற்கும் ஒரு கலவை ஒருநாளும் ஈட்டித் தராது. இதில் இழப்பு அதிகம், ஏனெனில் பைப் புகையிலை அடிப்படையில் கலப்புக் கலை. கொட்டகைக்குள் குழாய் வழியே வெப்பம் செலுத்தி உலர்த்தப்படும் வர்ஜீனியா இலை சர்க்கரைச் சத்து மிக்கது; காற்றில் உலரும் பர்லி இலை இனிப்பற்றது, ஆனால் ஊற்றும் பாகையும் மணத்தையும் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்வது; லட்டாக்கியா என்பது சைப்ரஸில் நறுமண விறகின் புகையில் வாட்டிக் கருமையாக்கப்படும் இலை.

இவற்றுள் விந்தையானது பெரீக். லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் மட்டுமே மரபுப்படி தயாராகும் இது, நடுநரம்பு நீக்கிய இலையை முறுக்கிக் கட்டுகளாக்கி, விஸ்கி வைத்திருந்த பழைய பீப்பாய்களில் திணித்து, திருகு ஜாக்கியால் இறுக்கி அழுத்துவதில் தொடங்குகிறது. அழுத்தத்தில் கசிந்த சாறு மேலே தேங்கிக் காற்றை மறைக்க, இலை தன் சாற்றிலேயே நொதிக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை பீப்பாயைத் திறந்து, கட்டுகளைப் பிரித்துக் காற்றாட விட்டு, மீண்டும் அழுத்துவர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து வெளிவரும் இலை கருத்து, அழுகும் தறுவாயில் உள்ள பழத்தையும் காடியையும் ஒருங்கே நினைவூட்டும் மணத்தோடு இருக்கும். தனியாகப் புகைக்க முடியாத அளவுக்குக் காரமான இதைக் கலவையில் ஒரு சிட்டிகை சேர்ப்பதே வழக்கம். எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் கலப்பவரின் கைப்பக்குவம்.

அந்தக் கைப்பக்குவத்தைக் கடைக்காரர்கள் ஒருகாலத்தில் தம் மூலதனமாகக் கொண்டிருந்தனர். 1907இல் லண்டனின் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்பிரட் டன்ஹில், ஒவ்வொரு வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் தனிக் கலவை செய்து, அதற்கு எண்ணிட்டுப் பேரேட்டில் பதிந்து வைத்தார். மறுமுறை வருபவர் எண்ணைச் சொன்னால் போதும். 2016 விதியின்படி அமெரிக்காவில் அவ்வாறு இரண்டு ஜாடிகளை ஒன்றாகக் கலந்து விற்கும் கடைக்காரர் ‘உற்பத்தியாளர்’ ஆகிவிடுகிறார். பெரிய ஆலைக்குரிய பதிவும் பட்டியலும் அவர் தலையிலும் விழுகின்றன. அந்தப் பிரிவும் நீதிமன்றப் படியேறியது என்றாலும், கல்லாவுக்குப் பின்னால் தராசோடு நின்று கலக்கும் வழக்கம் இதனால் பல இடங்களில் ஒடுங்கியது வியப்பன்று.

டன்ஹில் பெயருக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. அப்பெயர் தாங்கிய கலவைகள் லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்கும் அங்கிருந்து டென்மார்க்குக்கும் ஆலை மாறின. உரிமை பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கைக்குச் சென்றது. 2018இல் டன்ஹில் பைப் புகையிலை நிறுத்தப்பட்டது. ‘எர்லி மார்னிங் பைப்’, ‘நைட்கேப்’ முதலிய கலவைகள் அடுத்த ஆண்டே, டப்ளினில் 1865இல் தோன்றிய பீட்டர்சன் என்ற பைப் நிறுவனத்தின் பெயரில் கடைக்குத் திரும்பின. டின்னின் மேல் ஒரு பெயர் போய் இன்னொன்று வந்ததே தவிர, உள்ளிருப்பதைத் தயாரித்த டேனிஷ் குழுமம் மாறவில்லை. ஆயினும் இரண்டையும் ஒப்பிட்டுச் சுவையில் வேறுபாடு கண்டவர்களுக்குக் குறைவில்லை.

உண்மையான இழப்புகள் வேறிடத்தில் நிகழ்ந்தன. வர்ஜீனியா இலைக் கலவைகளுக்குப் புகழ்பெற்ற கான்சஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம், தனக்கு வேண்டிய தரத்தில் இலை கிடைப்பது அருகிவிட்டது என்பதைக் காரணமாகக் காட்டி 2018இல் மூடியது. அதன் பழைய டின்கள் பன்மடங்கு விலைக்குக் கைமாறத் தொடங்கின. 2024இல் ஸ்கேண்டிநேவியன் டொபாக்கோ குழுமம், 1887 முதல் டென்மார்க்கில் இயங்கிவந்த மேக் பேரனை வாங்கியது. மேக் பேரனோடு, அது 2013இல் வாங்கியிருந்த சட்லிஃப் நிறுவனமும் சேர்ந்து கைமாறியது. 1849இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றி வர்ஜீனியாவின் ரிச்மண்டில் நிலைகொண்ட சட்லிஃப், பெயரில்லா மூட்டைகளாகக் கடைகளுக்கு அனுப்பிய புகையிலைதான் நாடெங்கும் உள்ள ஜாடிகளில் பலவற்றை நிரப்பியது. ஒரே மூட்டையை ஒரு கடை தன் ஊரின் பெயராலும் இன்னொரு கடை தன் பாட்டனார் பெயராலும் ‘எங்கள் வீட்டுக் கலவை’ என்று விற்பது இவ்வணிகத்தில் யாவரும் அறிந்த ரகசியம். ரிச்மண்ட் ஆலையை மூடுவதென்ற முடிவு வந்தபோது, தாம் பல்லாண்டு புகைத்த உள்ளூர்க் கலவை உள்ளூரில் பிறந்ததே இல்லை என்பதைப் பலர் முதன்முதலாக அறிந்தனர். புதிய மூலிகை மணமோ புதிய பெயரோ அல்ல, காலியான ஜாடிக்கு ஈடான ஒன்றைத் தேடுவதே இன்று கடைக்காரரின் முதல் வேலை. ஈடு என்று வருவதும் அதே குழுமத்தின் வேறோர் ஆலையிலிருந்து வரக்கூடும்.

பெட்டிச் செய்தி: வரி செய்த பெயர் மாற்றம்

2009 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வரி உயர்ந்தபோது, சிகரெட்டாகச் சுருட்டிக்கொள்ளும் உதிரிப் புகையிலைக்குப் பவுண்டுக்கு 24.78 டாலரும் பைப் புகையிலைக்கு 2.83 டாலரும் விதிக்கப்பட்டன. அதற்கு முன்பு இரண்டுக்கும் ஒரே வரி, 1.10 டாலர். அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் கணக்குப்படி, 2009 ஜனவரியில் மாதம் சுமார் 2,40,000 பவுண்டாக இருந்த பைப் புகையிலை விற்பனை 2011 செப்டம்பரில் 30 லட்சத்தைத் தாண்டியது. உதிரிப் புகையிலையோ சுமார் 20 லட்சத்திலிருந்து 3,15,000 பவுண்டாக வீழ்ந்தது. நாட்டில் பைப் பிடிப்போர் திடீரெனப் பெருகிவிடவில்லை. பைக்குள் இருந்தது ஏறக்குறைய பழைய சிகரெட் புகையிலையே.

வாயில் நிற்கும் புகை

சுருட்டுக்கும் பைப்புக்கும் ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம், அவற்றின் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்பதாகும். காற்றில் உலர்த்திய சுருட்டிலையின் புகை காரத்தன்மை உடையது. அக்காரணத்தால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அமிலத்தன்மையுள்ள சிகரெட் புகையைப் போல நுரையீரல் வரை இழுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. வாதத்தின் முதல் பாதி இவ்வாறு வேதியியலால் விளங்குகிறது. மறுபாதி விளங்குவதில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் ஆபத்து நாள்தோறும் சுருட்டுப் பிடிப்போருக்குத் தெளிவாக உயர்கிறது என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998இலேயே விரிவாக வெளியிட்டது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டி அளவுக்குப் புகையிலை இருக்க முடியும். தொண்டைப் புற்றால் 1885இல் இறந்த அமெரிக்க அதிபர் யுலிசீஸ் கிராண்டும், 1923 தொடங்கித் தாடையில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளுக்கு ஆளான சிக்மண்ட் பிராய்டும் சுருட்டை விட முடியாதவர்கள். மனத்தின் பிடிகளை ஆராய்ந்தவருக்கே இப்பிடி தளரவில்லை.

உயர்தரச் சுருட்டைப் பற்றி 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரில் சுமார் 1 விழுக்காட்டினரே அதைப் புகைக்கின்றனர், பெரும்பாலோர் எப்போதாவது மட்டுமே புகைக்கின்றனர் என்று கண்டது. அதே அறிக்கை, நாள்தோறும் புகைத்தால் இது வேறெந்தச் சுருட்டையும் விடப் பாதுகாப்பானது என்று கருத இடமில்லை என்பதையும் கூறுகிறது. நீதிமன்றத்தில் வணிகர்கள் முதல் கூற்றைப் பற்றி நின்றனர். பொதுநல மருத்துவர்கள் இரண்டாவதைப் பற்றி நிற்கின்றனர். இரண்டும் ஒரே நூலில் உள்ளவை என்பதால் இவ்வழக்கு எளிதில் முடியாது.

பெட்டிச் செய்தி: திருச்சிச் சுருட்டின் கதி

மேலைநாட்டுக் கடைத்தட்டில் ஒருகாலத்தில் தமிழ்நாட்டு இலைக்கும் இடம் இருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றும் முதல் கதையிலேயே, 1887இல், திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் துப்பாகிறது. அன்றைய ஆங்கில வாசகருக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. உறையூரில் சுருட்டுத் தொழிலும், திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டாலையும் இயங்கின. வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்பது ஊர் மறக்காத செய்தி. கியூபச் சுவை உலக அளவுகோலாகி, உள்ளூரில் பீடியும் சிகரெட்டும் சந்தையைப் பிடித்த பின் அத்தொழில் சிறுத்தது. இன்று இந்தியாவில் விற்கப்படும் சுருட்டுப் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மூட வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்க நீதிமன்றம் 30 விழுக்காட்டையே தள்ளுபடி செய்தது.

ஊருக்கு ஒரு சட்டம்

மத்திய விதி நீதிமன்றத்தில் தள்ளாடியபோது மாநிலங்களும் ஊராட்சிகளும் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. சுவையூட்டிய புகையிலைப் பொருள் அனைத்தையும் 2020 ஜூனில் தடைசெய்த மாசசூசெட்ஸில், வெனிலா ஜாடியும் செர்ரி ஜாடியும் கடையை விட்டே போயின. மணமூட்டிய கலவையில் தொடங்கிப் படிப்படியாக மணமில்லா வர்ஜீனியாவுக்குச் செல்வதே பைப் பிடிப்போரின் வழக்கமான பாதை என்பதால், தடை தட்டிய இடம் கடைவாசலின் முதல் படியாகும். 2022 டிசம்பரில் இதே போன்ற தடையைக் கொண்டுவந்த கலிபோர்னியா, உயர்தரச் சுருட்டையும் உதிரிப் பைப் புகையிலையையும் விலக்கி வைத்தது. ஆக, ஒரே கலவை ஒரு கடற்கரையில் குற்றம், மறு கடற்கரையில் சரக்கு. சுவையூட்டிய சுருட்டு முழுவதையும் நாடளவில் நீக்க 2022இல் எஃப்.டி.ஏ. முன்வைத்த வரைவு 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

வயது வரம்பு 2019 டிசம்பரில் நாடெங்கும் 21 ஆக உயர்ந்தது. மாசசூசெட்ஸில் பாஸ்டனை ஒட்டியுள்ள புரூக்லைன் என்ற ஊரோ வயதை விட்டுவிட்டுப் பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்டது: 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எவருக்கும், அவருக்கு எத்தனை வயதானாலும், அவ்வூர்க் கடைகள் புகையிலை விற்கக் கூடாது. கடைக்காரர்கள் தொடுத்த வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அதன் பின் வேக்ஃபீல்டு, ஸ்டோன்ஹாம், மெல்ரோஸ் முதலிய ஊர்களும் தத்தமக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அதே வழியில் சென்றன. 1999 டிசம்பர் 31 அன்று பிறந்தவர் புரூக்லைனில் தம் வாழ்நாள் முழுவதும் சுருட்டு வாங்கலாம். மறுநாள் பிறந்தவர் வாங்க முடியாது, ஆனால் எல்லையைக் கடந்து பாஸ்டனுக்குள் நடந்து சென்றால் வாங்கிவிடலாம்.